அத்தை கேட்ட கேள்வி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் யார் சொல்லும் கேட்காமல் தனி ஆட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் அதுவே எங்களுக்கு மருந்து.

போன ஞாயிறு நான் பிறந்த ஊருக்குக் கவிதை வாசிக்கப் போனேன். நூலகத்து மாடியில் கூட்டம், முன்வரிசையில் உன் மாமாவும் அத்தையும். நூலகர் என்னை அறிமுகம் செய்யும்போது "பொம்பளையா இருந்தாலும் ஆம்பளை மாதிரி துணிச்சலா எழுதுறவங்க" என்றார், எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஊரைப் பற்றி மென்மையாக ஒன்று வைத்திருந்தேன், அதை மடித்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். ஆணுக்கு வீடு ஒன்றுதான், பெண்ணுக்கு மட்டும் அது பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டாகி இரண்டிலும் அவள் விருந்தாளி என்று போகும் கவிதை. நான் பிறந்து வளர்ந்த அறையைத் தம்பி கல்யாணத்துக்குக் காலி செய்துகொடுத்ததும் அதில் வரும். வாசிக்க வாசிக்கக் குரல் ஏறிக்கொண்டே போய்விட்டது, எனக்கே அது என் குரலாகப் படவில்லை. முடிந்ததும் உன் மாமா வந்து "என்னக்கா, சபையில வச்சு மானத்த வாங்கிட்டியே" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனான். அதுகூடப் பரவாயில்லை. பின்னாலேயே அத்தை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இத்தனை வருஷமா அந்த ரூம்ல நான்தான் படுக்கிறேன். சண்டைன்னு வந்தா 'என் வீட்டை விட்டுப் போ'ன்னுதான் அவர் சொல்றார். உங்க கவிதையில நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

திரும்பி வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவின் சட்டையைத் தேய்க்கப் போய்ப் பொசுக்கிவிட்டேன், கவிதை ரொம்பச் சூடாக வருகிறது போலிருக்கிறதே என்று அவர் கிண்டல் வேறு. கோபமாக எழுதினால் அத்தை காணாமல் போகிறாள், தணித்து எழுதினால் நூலகர் கை தட்டிவிடுவார் போலிருக்கிறது. பொறுக்காமல் நேற்று அவளுக்குப் போன் செய்து, இங்கே வந்து கொஞ்ச நாள் இரு என்றேன். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டு, "அவரைக் கேக்கல அண்ணி, போறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். வெள்ளிக்கிழமை வருகிறாள். உன் அறையைத்தான் அவளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அப்பா, இதையெல்லாமா கேட்பார்கள், ஒழித்துக் கொடு என்கிறார். நான் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

குளிரில் தலையை ஈரமாக விட்டுக்கொண்டு வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நிறைவாக இரு. அறைக்கு மட்டும் சரியா இல்லையா என்று உடனே சொல். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன், அது உன் அறை.

இப்படிக்கு,
உன் அம்மா