ஒரு சாண் தூரம்

அதீபா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பூந்தமல்லித் தூசியில் உங்க இருமல் குறைஞ்சுதா? மஸ்கட்டில் நான் நலம்.

நான் இங்கே வந்ததிலிருந்து நம்ம அதீபா வகுப்பில் வாயே திறக்கிறதில்லைன்னு டீச்சர் சொன்னதிலிருந்து பயந்துகிட்டே இருந்தேன். இன்று பெற்றோர் குழுவில் அவங்க போட்ட வீடியோவைப் பார்த்தீங்களா? சாணால் அளக்கிற பாடம். எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சை அளக்க, இவ மட்டும் சுவரிலிருந்த உலகப் படத்தில் சென்னை மேல் சுண்டுவிரலை வைத்து, மஸ்கட் வரைக்கும் கையை விரிக்கிறா.

“டீச்சர், எங்கம்மா ஒரு சாண்லதான் இருக்காங்க!”

அவ்வளவு பெரிய கடலை அந்தச் சின்னக் கை மூடிடுச்சே!

நகம் வளர்ந்திருக்கு, வெட்டி விடுங்க. அப்படியே அந்தக் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்க. எங்க லேப் சுவரிலும் ஒரு உலகப் படம் இருக்கு. வேலைக்குப் போற வண்டி வந்துடுச்சு.

ஷம்ஷாத்