பல்லில் உட்காராத செயின்

12 ஜூலை 1996

போதும். எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? மாவட்ட சைக்கிள் சங்கத்தின் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்து என்னைத் தூக்கியபோது பேசவில்லை. செயலாளர் சுந்தரராஜுலு அங்கே தன் மைத்துனனை உட்காரவைத்தபோதும் பேசவில்லை. இன்று மைதானத்தில் பார்த்த பிறகும் சும்மா இருந்தால், நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துவது வீண்.

சங்கத்துக்காகப் பந்தயம் ஓட்டும் மதிவதனியின் டிராக் சைக்கிளில், ஓடுதளப் பந்தய சைக்கிளில், புதுச் செயின். யாரோ மில் முதலாளி ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாராம். கியர் சைக்கிளுக்கான ஒல்லிச் செயின் அது. பின்சக்கரத்தின் பல்சக்கரமோ கணபதி லேத்துப் பட்டறையில் கடைந்தது, தடித்த பல். கண்ணிகளின் நீளம் பொருந்துகிறது, சரி. அகலம்? பல் எட்டில் ஒரு அங்குலம். செயினின் உள்ளகலம் அதைவிடக் குறைவு. எப்படி உட்காரும்?

உட்காரவைத்திருக்கிறார்கள். பல் நுனிகளை அரத்தால் தேய்த்து!

13 ஜூலை

சுந்தரராஜுலுவிடம் நேரில் சொன்னேன்.

“ஏனுங்க வாத்தியாரே, ஃபாரின் செயினுக்கே நொட்டை சொல்றீங்களே! பதவி போன வயித்தெரிச்சலுக்கு மோர் வாங்கிக் குடிங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நுனியைத் தேய்த்தால் ஆயிற்றா? அடிப்பல் தடிமனாகத்தானே இருக்கிறது! அழுத்தி மிதித்தால் செயின் மேலேறும். இந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, மிதிப்பதை அடக்கித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். செயின் கழன்று சக்கரத்தில் சிக்கினால்—

16 ஜூலை

கழன்றது. நல்லவேளை, வேகம் குறைந்திருந்த நேரம். விழுந்த மதிவதனிக்கு முழங்கையிலும் தாடையிலும் சிராய்ப்பு. “புள்ளைக்கு பேலன்ஸ் பத்தலீங்க” என்கிறார் சுந்தரராஜுலு. அதே செயினை மாட்டி அவளிடமே கொடுத்தார்கள்.

17 ஜூலை

மழை. பயிற்சி இல்லை. கோபம் மட்டும்.

18 ஜூலை

சோமனூர் பஸ்ஸுக்கு நின்ற மதிவதனியிடம் சொன்னேன்: பழைய செயினைக் கேள், தராவிட்டால் ஓட்டாதே.

“செயலாளர்கிட்டக் கேட்டுப்போட்டேனுங்க சார். செயினை மாத்தறதுக்கு முன்னால உன்னைய மாத்திப்போடுவேங்கறாருங்க. மாநிலப் போட்டியில ஜெயிச்சாத்தான் ரயில்வேல எடுப்பாங்க. மறுபடியும் தறி வேலைக்குப் போகமாட்டேனுங்க.”

ஓட்டத்தான் போகிறாள்.

20 ஜூலை

மாநிலப் போட்டியின் தலைமை நடுவருக்கு ஆறு பக்கம் எழுதினேன். நெஞ்சில் கிடந்ததெல்லாம் வந்துவிட்டது. ரங்கநாயகி பொறுமையாகப் படித்தாள்.

“ஏனுங்க, இந்த ஆறு பக்கத்துல செயின் எந்தப் பக்கத்துல வருதுங்க?”

மனைவியா இவள்? எரிச்சலாக வந்தது.

“கோவிச்சுக்காதீங்க. உங்க பேரைப் பார்த்தாலே பழைய சண்டைன்னு தூக்கிப் போட்டுருவாங்க.”

21 ஜூலை

அரைப்பக்கமாகச் சுருக்கிவிட்டேன். பல்லின் தடிமன், செயினின் அகலம், அரம் பட்ட இடம். ஓட்டத்துக்கு முன் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள், கையோடு வரும். சைக்கிளைச் சரிசெய்யச் சொல்லுங்கள், பெண்ணை நீக்கிவிடாதீர்கள். கடிதத்தோடு ஒரே பார்சலில் தேய்க்காத பல்சக்கரம் ஒன்றும் அதற்குப் பொருந்தும் செயினும் வைத்திருக்கிறேன்.

அவள் விழாமல் ஓடி முடித்தால், நான் சொன்னது சரி என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பாராட்டெல்லாம் சுந்தரராஜுலுவுக்கு. ரங்கநாயகியிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இருக்கட்டும். கடிதத்தில் என் பெயர் போடவில்லை. நாளை காலை இப்படியே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.