பசு முகர்ந்த பம்பர்

அன்பு மகள் சோனியாவுக்கு,

மஸ்கட்டில் உன்னையும் மாப்பிள்ளை அன்புசெல்வனையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், மனதுக்குத்தான் சுகமில்லை. எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்த பிறகு ஒரே ஒரு தடவை என்னோடு பேசினாய், அதோடு சரி, நாற்பது நாளாய் என் போனை எடுப்பதில்லை. நானும் ரோஷக்காரன்தானே, அப்படி என்னத்தைச் சொல்லிவிட்டேன் என்று அம்மாவிடம் கத்திக்கொண்டே திரிந்தேன். கிழித்துப் போடாமல் இதைக் கடைசி வரை படி.

போன செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் காரில் வந்தேன், தூக்கக் கலக்கம் இருந்தது, மறைக்கவில்லை. நம் தெருவில் திரும்பும்போது செண்பகம் வீட்டுச் செவலைக் கன்று துள்ளிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன், நிற்கவில்லையே. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அதற்கு. நான் இறங்கிப் போய்த் தலையைத் தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது. செண்பகம் என்னைத் திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும், அவளோ கட்டாம வுட்ட பாவி நான்தானே நைனா என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

காரை மீஞ்சூர் மெக்கானிக் மொஹசினிடம் விட்டேன். இடது ஹெட்லைட் நொறுங்கி, பம்பர் பிளந்து, டயருக்கு மேலிருக்கும் பெண்டர் தகடு உள்ளே போய் டயரில் உரசிக்கொண்டிருந்தது. சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னா நைனா இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற, லைட்டு பம்பரு ரெண்டும் புதுசு மாட்டிக்கலாம், பெண்டர டிங்கர் பண்ணி பெயிண்ட் அடிச்சா கம்பெனிக்காரனே கண்டுபுடிக்க மாட்டான் என்றான். பம்பரைக் கழற்றியபோது உள்ளே செவலை மயிர் ஒட்டியிருந்தது. துணியால் துடைக்கப் போனான், நான் தடுத்து என் கையாலேயே ஒவ்வொன்றாய் எடுத்தேன்.

சனிக்கிழமை வண்டி வந்தது, நிஜமாகவே புதுசு மாதிரி. செண்பகம் வீட்டருகே மெதுவாகத்தான் வந்தேன். அந்தத் தாய்ப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே வண்டி முன்னால் வந்து நின்றுவிட்டது. புது பம்பரை முகர்ந்தது, நக்கியது, பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தியது பார், ஐயோ ஆண்டவரே. செண்பகம் அதை இழுக்க முடியாமல் அழுதாள். தேற்றலாம் என்று வாயைத் திறந்தேன், வுடு செண்பகம், அடுத்த வருஷம் வேற கன்னு போடும் என்று பாதி சொல்லும்போதே நாக்கு நின்றுவிட்டது. உன்னிடமும் இதைத்தானே சொன்னேன். நீ பிள்ளையின் பேரைச் சொல்ல வந்தாய், பேரெல்லாம் இப்ப எதுக்கு, அடுத்ததுக்கு வெச்சிக்கலாம் என்று உன் வாயை அடைத்தேன். ஹெட்லைட் மாற்றுகிற மாதிரி பேசியிருக்கிறேன். பசுவோடு உன்னை வைத்துப் பேசுகிறேன் என்று கோபிக்காதே, உன் அப்பனுக்கு உறைக்க அவ்வளவு ஆயிற்று. தப்புதான், என்னை மன்னித்துவிடு. அன்று முழுக்க அழுதேன், நம் பிள்ளைக்காக நான் அழுதது அன்றுதான்.

பச்சை உடம்பு, டூட்டிக்கு அவசரப்பட்டுப் போகாதே, பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. பெற்ற உடம்புதானே என்று அம்மா பிரசவ லேகியம் கிளறி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அங்கே வருகிற ரோசம்மாள் மகளிடம் கொடுத்தனுப்புகிறோம், மறக்காமல் சாப்பிடு. கர்த்தருடைய சமாதானம் உங்கள் இருவரோடும் இருக்கட்டும். போனில் பேச மனமில்லாவிட்டால் ஒரே ஒரு வரி மட்டும் அனுப்பு. நம் குடும்பத்தார் பேர்களை எழுதி வைத்திருக்கும் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் உன் பேருக்குக் கீழே பிள்ளை பிறந்த தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு என்ன பேர் வைத்தாய், சொல்லம்மா.

உன் அப்பா,
எபினேசர்