கழுவக் கழுவ அழுக்காவது

அன்புள்ள தோழிக்கு,

ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது நம் கூட்டம் போட்ட விடுகதையை எழுதி அனுப்பியிருந்தாயே, "கழுவக் கழுவ அழுக்காவது எது?" என்று. மூன்று நாளாக எனக்கு மூளையே ஓடவில்லை.

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து நாலு மாதமாகிறது. ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று காலை இவருக்கு முதுகு துடைத்துவிட்டபடியே, பேச்சுத் துணைக்காக அதைச் சத்தமாகக் கேட்டேன்.

"தண்ணி" என்றார்.

பேசிவிட்டாரே! டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். "இந்தாங்க, மெதுவா குடிங்க."

வேண்டாமென்று தலையாட்டினார். வாளியில் கலங்கிக் கிடந்த தண்ணீரைக் கண்ணால் காட்டி, கோணிய வாயோடு சிரித்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஈரத்துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுது தீர்த்தேன்.

அடுத்த விடுகதையை இவர் பெயருக்கே அனுப்பு. நான் கொஞ்சம் தூங்குகிறேன்.

உன் பக்கத்து மேசைக்காரி