அண்ணன் எழுதினபடியே

பிலோ,

கோழிக்குழம்பு அடுப்பு மேலேயே இருக்கு, சூடு பண்ணினால் போதும். பாகெத் ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எழுப்பினாலும் நீ என்னோடு பேசப்போவதில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டு மைக் சரிபார்க்கக் கோயிலுக்குப் போறேன். பூசை முடிந்ததும் உன் அண்ணன் அந்துவான் சாப்பிட வருவார். பசியோடு வருவாரா என்பது சந்தேகம்.

வியாழக்கிழமை ஒத்திகையில், தான் நடத்துகிற பாடகர் குழு மொத்தத்துக்கும் முன்னால், "மாப்ள, தாள்ல இருக்கிறத ஊதுங்க, உங்க இஷ்டத்துக்கு மாத்தாதீங்க" என்றார். நீயும் தலையாட்டினாய்.

கீபோர்டுக்கு எழுதின சுரத் தாளை என் கிளாரினெட்டில் அப்படியே ஊதினால், வாத்தியத்தின் அமைப்பால், ஒரு சுரம் இறங்கி, பாட்டோடு ஒட்டாமல்தான் கேட்கும். பதினோரு வருஷமாக அவர் தருகிற தாளை மனசுக்குள்ளேயே ஒரு சுரம் ஏற்றி ஊதி, அவர் மானத்தைக் காப்பாற்றி வருகிறேன். விளக்கினால், "சி சுரம் என்றால் உலகம் பூரா சி தான்" என்பார் நம்ம மேஸ்த்ரோ.

இன்று திருவிழாப் பூசையில் அவரே மெட்டுப் போட்ட காணிக்கைப் பாட்டை, அவர் எழுதினபடியே, ஒரு புள்ளி மாறாமல் ஊதப்போறேன். யூடியூபில் நேரலை வேறு. வேண்டுமானால் இப்போதே போன் போட்டு எச்சரி. நம்பமாட்டார்.

சாவி ஷூ ஸ்டாண்டில்.

சவரி

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதறேன்: வாசகத்துக்குப் பிறகு நீ தனியா பாடுகிற பதிலுரைப் பாடலை மட்டும் ஒரு சுரம் ஏற்றி எழுதி எடுத்துக்கிட்டேன். உன் மேல கோபம் தீரல. ஆனாலும் உன் குரலைத் தனியா விட மனசு வரல.