மேனேஜர் போடாத குட்டிக்கரணம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மேனேஜரும் இங்கே சுகம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மூவரும் சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் அப்பா விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தேகம், அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் கேட்டிருக்கலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாய், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அப்பா பேச்சை எடுத்த உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. என் குரல் உனக்குக் கேட்காதாம், உன் பெருமூச்சு மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்குமாம், இது என்ன மாதிரி சிக்னலோ எனக்குப் புரியவில்லை. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கோபத்தில் மடித்து வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய் என்று தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அக்கா புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள், சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் சமையலறை ஜன்னல், இரண்டு வீட்டு உப்பு புளியும் இரண்டு வீட்டுக்கும் தெரியும். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, என் எதிரிலேயே ஊசியில் நூல் கோத்துக் காட்டினார், நூல் ஊசிக்குப் பக்கத்தில் போனது, பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அப்பா ரிப்பேர் செய்தார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. கூடத்து ஃபேன் நின்றுவிட்டது, எலக்ட்ரீஷியன் நம் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அதற்குக் காரணம் நான்தான், அந்தக் கதையும் பின்னால் வரும்.

உன் அப்பா லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலத்தில் நாற்காலியை விட்டு எழுந்தவரில்லை. நீ ஊருக்குப் போன பிறகு அந்த நாற்காலியையும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்படிப்பட்டவர் மழைக்காலத்துக்கு முன்பு திடீரென்று தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார், அதுவும் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மேனேஜரை நீ குட்டியாகத் தூக்கி வந்தபோது வாசற்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டவர் இவர்தானே. 'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்சாலும்' என்று ஆரம்பித்துப் பழமொழியை முடிக்காமல் உன்னையும் அதையும் சேர்த்து முறைப்பார். வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் தூங்குகிறதே என்று நீ அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தபோது, நாய்க்குப் பேர் ஒரு கேடா என்று கேட்டவர். அவர் இப்போது அதோடு ஜோடி போட்டுக்கொண்டு மாடிக்குப் போகிறார் என்றால் சோழியன் குடுமி சும்மா ஆடுமா.

சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் பிஸ்கட் தூள். சர்க்கரை உள்ள மனுஷன், திருட்டுத்தனமாகத் தின்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு ஃபோனைப் பார்த்துத் தானாகச் சிரிக்க ஆரம்பித்தார், நான் வந்தால் ஃபோன் கவிழ்ந்து படுத்துக்கொள்ளும். உன் சித்தியிடம் சொன்னேன், 'போக்கா, இந்த வயசுல மாமா எங்க போயிடப் போறாரு' என்றாள். வேலைக் காலம் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவள் நான், வயசைப் பார்த்து யாரையும் விட்டதில்லை. அவருக்கு முன்பே மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்கப் போனால், நம் அப்பா மேனேஜருக்கு வித்தை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். 'மேனேஜர், கையெழுத்து' என்றால் அது முன்னங்காலைத் தூக்கி இவர் உள்ளங்கையில் வைக்கிறது. 'ஓவர்டைம்' என்றால் பின்னங்காலில் நின்று பிஸ்கட்டுக்காக ஒரு சுற்று ஆடுகிறது. 'லீவு' என்றால் நாலு காலையும் நீட்டிச் செத்ததுபோல் படுத்துவிடுகிறது. செத்துப்போ என்று வீட்டில் வாயால் சொல்ல வேண்டாமே என்றுதான் லீவு என்று வைத்தாராம், அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார். எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறார், அதற்கு வழி செய்து கொடுத்தது உன் அக்கா. இப்போது தையல்காரம்மா என்னைக் கண்டால் 'மேனேஜர் சார் நல்லா இருக்காரா' என்று அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்.

எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லாமல் இல்லை, ஆனால் பெருமையைவிட பயம்தான் அதிகம். முன்பின் தெரியாதவர்களுக்கு நம் வீட்டு நாயைப் பார்த்து என்ன ஆக வேண்டும்? யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று நானும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் ஒருத்தன் மட்டும் சரியில்லை என்று பட்டது. முகம் கிடையாது, ஒரு மூடின குடையின் படம். பேர் 'சும்மா ஒருத்தன்'. அப்பா படம் போட்டுக் கையை எடுப்பதற்குள் முதல் ஆளாக வந்து ஒரு இதயத்தை வைத்துவிட்டுப் போவான். அப்பாவும் படம் போட்டதும் 'நம்ம சும்மா வந்துட்டானா' என்று கேட்டுக்கொண்டே காத்திருப்பார். சும்மா யாரும் சும்மா வருவதில்லை என்று நான் அப்போதே சொன்னேன்.

மழை பிடித்ததும் படம் எடுப்பது கூடத்துக்கு வந்தது. அடுத்த நாளே அந்தச் சும்மா எழுதினான், 'அந்தச் சுவத்துல கடிகாரம் இருந்துச்சே, எங்க?' என்று. கடிகாரம் ஓடாமல் போய்க் கழற்றி, அதன் பிறகு வெள்ளையும் அடித்தாயிற்று, அந்தச் சுவரில் இப்போது ஆணி அடித்த தடம்கூட இல்லை. அப்படியானால் இவன் நம் வீட்டுக்குள் வந்து போனவன், நோட்டம் பார்க்கிறான். வீட்டுக்குள் வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன், கடைசியில் எலக்ட்ரீஷியன் மேல் போய் நின்றது, ஏனென்றால் அவர் எப்போதும் குடையோடு வருகிறவர். 'சும்மா ஒருத்தன்னு பேர் வெச்சுக்கிட்டா எனக்குத் தெரியாதா' என்று நேராகவே கேட்டுவிட்டேன். பாவம், அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, திருடன் என்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. அதனால்தான் ஃபேன் ஓடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உன் அப்பா வேறு பழமொழியை முழுசாகவே சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன், அப்பா ஃபோனைச் சத்தமாகப் படித்தார். சும்மா எழுதியிருந்தான், 'லீவு சூப்பர். அடுத்து மேனேஜரை ஒரு குக்கிட்டரணம் போடச் சொல்லுங்க.' படித்துவிட்டு அப்பா நிறுத்தினார். நானும் உரிப்பதை நிறுத்தினேன். குட்டிக்கரணம் என்று சொல்ல வராமல் குக்கிட்டரணம், குக்கிட்டரணம் என்று வீடு முழுக்க உருண்டு திரிந்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அந்த வார்த்தை நம் வீட்டுச் சுவருக்கு வெளியே போனதே இல்லை. வளர்ந்த பிறகும் நாம் நாலு பேரும் அப்படியேதான் சொல்லி வந்தோம், அதனால் அது தப்பு என்பதே உனக்கு மறந்துபோயிருக்கும், எழுதும்போது கை தானாக எழுதியிருக்கும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'எழுத்துப்பிழை போல' என்றார். 'இருக்கும்' என்றேன். இரண்டு பேரும் பொய் சொன்னோம், அதற்குப் பிறகு அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை. உன் அக்காவிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், 'எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் யாருக்கும் எதையும் அனுப்பலம்மா' என்று நான் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள்.

இதோடு போயிருந்தால் நானும் தெரியாதவள் மாதிரி இருந்திருப்பேன். மறுநாள் மழை விட்டதும் அப்பா பழைய மெத்தையை முதுகில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். மேனேஜருக்குக் குட்டிக்கரணம் பழக்குகிறார். அதற்கும் வயசாகிவிட்டது, உடம்பும் போட்டுவிட்டது, தலையைப் பிடித்துக் குனியவைத்தால் மெத்தையை முகர்ந்து பார்த்துவிட்டு லீவு போட்டுவிடுகிறது. நேற்று முன்தினம் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன், 'இங்க பாரு, இப்படி' என்று நாயிடம் சொல்லிவிட்டு உன் அப்பா தானே மண்டிபோட்டு உச்சந்தலையை மெத்தையில் வைத்துக் காலை உதைத்தார். நேராகப் போகவில்லை, மூட்டை மாதிரிப் பக்கவாட்டில் சரிந்தார். மேனேஜர் மெதுவாக நடந்து வந்து அவர் பக்கத்திலேயே நாலு காலையும் நீட்டி லீவு போட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் அவர் எழுந்திருக்கவில்லை என்பது உறைத்தது. மேனேஜர்கூடத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு ஒருவழியாகப் புரண்டு உட்கார்ந்து பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கழுத்து உனக்குத் தெரியும். லிஃப்ட் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்துப் பார்த்தே தேய்ந்த எலும்பு, வேகமாகத் திரும்பக்கூடக் கூடாது என்று டாக்டர் கழுத்துப் பட்டை கொடுத்திருக்கிறார், அந்தப் பட்டை ஜன்னல் கொக்கியில் தொங்குகிறது. நேற்று டாக்டரிடம் போனபோது தலையணை சரியில்லை என்று கூசாமல் சொன்னார். வீட்டுக்கு வந்து இனிமேல் மாடிக்குப் போகாதீர்கள் என்று சண்டை போட்டேன். 'ஒருத்தர் ஆசையா கேட்டிருக்காரு, முடியாதுன்னு சொன்னா மரியாதை இல்ல' என்றார். கேட்டிருக்காரு. உன்னைப் பிறந்த நாளிலிருந்து வாடா போடா என்றே கூப்பிட்டவர் இப்போது உனக்கு 'ரு' போடுகிறார். எனக்கு அழுகை வந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ரொட்டி சுடப் போகிறேன் என்று நீ கிளம்பிய அன்று, 'போனா போ, எனக்கு ஃபோன் பண்ணாத' என்று அவர் சொன்னது தப்புதான். அதற்கு முன்பு அவர் சொன்ன எதையும் கேட்காதவன் அந்த ஒரு சொல்லை மட்டும் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லலாம், சொன்னால் குட்டு வெளிப்பட்டதே என்று ஃபோனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவார், அப்புறம் சும்மாவும் இல்லை, நீயும் இல்லை, நாற்காலி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். சொல்லாமல் இருந்தால் கழுத்தை உடைத்துக்கொள்வார். ஆகவே இதை நிறுத்த உன் ஒருத்தனால்தான் முடியும். குக்கிட்டரணம் வேண்டாம்பா, லீவே போதும் என்று ஒரு வரி எழுது, முடிந்தால் வாயைத் திறந்து சொல். இல்லை, அது நான் இல்லவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே, அப்படியானால் நிஜமாகவே திருடன்தான் என்று நான் பூட்டை மாற்ற வேண்டியிருக்கும். டிக்கெட் இல்லாதவர்கள் எல்லோரும் என்னைக் கண்டதும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்கள், நிஜமாகத் தூங்குகிறவனுக்கு வாய் திறந்திருக்கும், இவர்களுக்கு இறுக மூடியிருக்கும், அதை வைத்தே பிடிப்பேன். நீயும் உன் அப்பாவும் எதிரெதிர் சீட்டில் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். போதும், எழுந்திருங்கள். அபராதம் எதுவும் போட மாட்டேன்.

சுடச்சுட ரொட்டி எடுக்கும்போது கைக்கு உறை போட்டுக்கொள், போன தடவை நீ வீடியோவில் பேசியபோது மணிக்கட்டில் தழும்பு பார்த்தேன், நீ சட்டைக் கையை இறக்கிவிட்டதையும் பார்த்தேன். நின்றுகொண்டே சாப்பிடாதே. நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் நீண்ட காலம் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை மறந்துவிடாதே.

ஆசீர்வாதத்துடனும் தீராத சந்தேகத்துடனும்,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து நின்று யாருக்குக் கடிதம் என்று கேட்டார். வாய் தவறி, 'சும்மா ஒருத்தனுக்கு' என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் மேனேஜரின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, 'நானும் விசாரிச்சேன்னு எழுது' என்றார். எழுதிவிட்டேன்.