தட்டில் இருக்கும் கிரேஃபிஷைப் பற்றி

கண்ணு,

உலக உயிர்களுக்கெல்லாம் மூலம் நீர்; நீரில் பிறந்ததற்கு யாரும் மூச்சுவிடச் சொல்லித்தர வேண்டாம் என்று நேற்று உன் அப்பா அருளினார். அருளிய கையோடு, சத்தம் தூங்கவிடவில்லை என்று உன் தொட்டியின் காற்று பம்ப்பை அணைத்துவிட்டார்.

காலையில் நீ கிளம்பியதும் உன் கிரேஃபிஷ், அந்தக் கொடுக்கு வைத்த இறால், பம்ப் குழாயைப் பிடித்து ஏறி வெளியே வந்து, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடைபோட்டது. பயப்படாதே, உயிரோடுதான் இருக்கிறது. ஓட்டுக்கு அடியில், கால்கள் தொடங்கும் இடத்தில் அதற்குச் செவுளாம். தண்ணீரில் காற்று குறைந்தால் கரையேறிவிடுமாம். செவுள் காயாதவரை தாக்குப்பிடிக்குமாம். மீன் கடைக்காரர் போனில் சொன்னார். "வாட்டர் போர்டுல இருந்தவனுக்கே தண்ணியப் பத்திப் பாடமா?" என்றார் அப்பா. அப்புறம் கடைக்காரர் சொன்னதைக் குறித்துக்கொள்ளப் பேனா கேட்டார்.

இப்போது அது சமையலறைத் தட்டில், முதுகு மூழ்காத அளவு தண்ணீரில் இருக்கிறது. இன்னும் ஊற்றிவிடாதே, பம்ப் இல்லாமல் மூழ்கினால் மூச்சு முட்டும். தொட்டியில் புதுத் தண்ணீர் விட்டு பம்ப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் உள்ளே விடு. சாப்பாடு அடுப்பு மேல். கதவைத் திறக்க அப்பா எழுந்து வரமாட்டார்; சாவி எதிர்வீட்டு அக்காவிடம்.

பம்ப்பை அணைத்ததற்காக, இனி அவரோடு பேசவே மாட்டேன் என்று நேற்று ராத்திரி நீ கத்தியது அவர் காதில் விழுந்துவிட்டது. காலையிலிருந்து தட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "மூச்சு விடுறியாடா ராஜா?" என்று கேட்டபடி ஈரத்துணி போர்த்துகிறார். வந்ததும் ஒரு வார்த்தை பேசிவிடு.

அம்மா

சாப்பாட்டு மேசையில் சாயாதே. கிரேஃபிஷ் நடந்து வந்தபோது அப்பா பயந்து மேசைமேல் ஏறி நின்றதில் அதன் கால் ஒன்று கழன்றுவிட்டது.